இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

ஹார்லெம் நகர நூலகத்தில்
எனக்குக் கொடுத்த வேலை அழிப்பது.
திரும்பி வரும் புத்தகங்களில்
அடிக்கோடு, ஆச்சரியக்குறி, யாரோ ஒருவரின் தொலைபேசி எண்,
ஒருமுறை பட்டாணி சூப்பின் முழுச் செய்முறை.
வெள்ளை ரப்பரால் தேய்த்து
துகளை ஊதிவிட்டால் தீர்ந்தது.
எழுதியிருப்பதைப் படிக்காதே என்பார் ரூலோஃப்,
படித்தால் கை நின்றுவிடும்.

இந்த நாவல் அந்தப் பசிக்குளிர்காலத்தைப் பற்றியது.
எழுதியவருக்கு முப்பத்து நான்கு வயது,
பின்னட்டையில் நல்ல பல்வரிசை.
முதல் அத்தியாயத்திலேயே ஓரத்தில் பென்சில்,
பழைய பள்ளிக்கூடத்துச் சாய்வெழுத்து:
"சர்க்கரைக்கிழங்கு இனிக்காது. தொண்டையைக் கீறும்."
அழித்தேன்.
"டிராம் எப்படி ஓடும்? தண்டவாளத்துக் கட்டைகளைப் பெயர்த்து
அவர்கள் அடுப்பில் வைத்துவிட்டார்கள்."
அழித்தேன்.
"டூலிப் கிழங்கில் நடுக்குருத்தை எடுத்துவிட வேண்டும்.
இந்தப் பெண் எடுக்கவில்லை.
இவள் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டியிருக்க மாட்டாள்."
சிரித்துவிட்டேன். அழித்தேன்.

பிறகு நாவலை விட்டுவிட்டு
ஓரத்தை மட்டும் படிக்கத் தொடங்கினேன்.
பக்கத்தின் நடுவே ஒரு காதல் நடந்துகொண்டிருந்தது,
பனியில் முத்தம், தூரத்தில் விமானம்.
ஓரத்தில்
சைக்கிளுக்கு டயர் இல்லை.
தோட்டத்து ரப்பர் குழாயை வெட்டி
நாங்கள் சக்கரத்தில் சுற்றியிருந்தோம்.
எந்தப் பக்கத்தில் 'அவர்கள்' 'நாங்கள்' ஆனார்கள் என்று
திரும்பித் தேடினேன்.
அந்தப் பக்கங்களை நானே வெள்ளையாக்கியிருந்தேன்.

இருநூற்றுப் பதினான்கில்
மாடியில் ஒளிந்திருக்கும் வாலிபனை
பக்கத்துவீட்டுப் பெண் காட்டிக்கொடுக்கிறாள்.
ஒரு மூட்டை நிலக்கரிக்காக, என்கிறது நாவல்.
அச்சு எழுத்துக்கு ஒட்டினாற்போல, மிகச் சிறியதாக:
"நிலக்கரிக்கு அல்ல.
ஒரு ஜோடி காலணிக்கு. முப்பத்தேழாம் அளவு.
எனக்கு அது இறுக்கம்."

அதற்குப் பிறகு நூற்றைம்பது பக்கம்
ஒரு புள்ளிகூட இல்லை.
கனடாக்காரர்கள் வருகிறார்கள், கொடி ஏறுகிறது,
எவ்வளவோ தப்பு இருந்திருக்கும்.
திருத்த யாரும் இல்லை.

ரப்பரை மேசைமேல் வைத்தேன்.
எடுத்தேன்.
மதிய ரொட்டியைப் பாதி தின்றேன்.
உறையில் தேதி முத்திரைகள் மட்டும்,
மார்ச் 9, மார்ச் 30.
பெயர் கணினியில் இருக்கும்,
கேட்டால் ரூலோஃப் ஏன் என்பார்.
ஏன் என்று எனக்கும் தெரியாது.
அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப்
புத்தகத்தை வண்டியில் ஏற்றினேன்.

செவ்வாய்க்கிழமை காலைகளில்
முதியோர் இல்லத்துச் சிற்றுந்து வந்து நிற்கும்.
தள்ளுவண்டியைப் பிடித்தபடி
நனைந்த குடையும் பெப்பர்மிண்ட் வாசமுமாக
ஒன்பது பத்துப் பெண்கள்.
போன மாதம்வரை அவர்கள் முகத்தைப் பார்த்து
காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
இப்போது கால்களைப் பார்க்கிறேன்.
எல்லோரும் அகலமான, மெத்தென்ற,
எலாஸ்டிக் வைத்த காலணி.
எல்லோருக்கும் விரல் வளைந்திருக்கிறது.
எந்தப் பாதத்திலும் எதுவும் எழுதியில்லை.

இலையுதிர்காலத்தில் அந்த நாவல் மீண்டும் என் மேசைக்கு வந்தது.
முதல் அத்தியாயத்தில் கிழங்கு
தேனாய் இனித்துக்கொண்டிருந்தது.
டிராம் மணியடித்துப் போனது.
நேராக இருநூற்றுப் பதினான்கைத் திறந்தேன்.
பென்சில் வரிகள் அப்படியே இருந்தன.
அவற்றின் கீழே வேறொரு கையெழுத்து,
காகிதம் கிழியும் அளவு அழுத்தி:

"எந்தத் தெரு?"

நீல மை.
ரப்பரால் ஆகாது.