பழசுதான் ஸ்பேர்

ஃபேன் பெல்ட் இரண்டு.
ரேடியேட்டர் ஹோஸ் மேலது ஒன்று, கீழது ஒன்று.
கிளிப்புகள் எண்ணாமல் ஒரு பிடி.
டீசல் ஃபில்டர் நான்கு,
மலைப்பக்கத்து பங்க்கில் என்ன கலந்து ஊற்றுவார்களோ.

புதுப்பேட்டை தஸ்தகீர் கடையில்
தரையெல்லாம் ஆயில்.
'எங்கம்மா போறீங்க இவ்ளோத்தையும் தூக்கினு?'
'லடாக்.'
'இன்னா வண்டி?'
சொன்னேன்.
ஒன்றும் பேசாமல்
இன்னொரு கிளட்ச் பிளேட்டை எடுத்து மேலே வைத்தார்.

நாலு வீலும் இழுக்க அது போன நெடும்பயணம்
இதுவரை ஒன்றுதான்:
வேளச்சேரியில் எங்கள் தெருவிலிருந்து மேம்பாலம் வரை,
இடுப்பளவுத் தண்ணீரில்,
பின்சீட்டில் மூன்றாம் மாடி நிறைமாதக்காரி,
மடியில் விடமாட்டேன் என்று அவள் மிக்ஸி.
அன்றைக்குக் குடித்த தண்ணீரை
வீல் பேரிங் மறக்கவில்லை,
எழுபதைத் தொட்டால் முனகும்.
ஆகவே பேரிங் ஒரு செட். கிரீஸ் ஒரு டப்பா.

புதுசைப் பெட்டியில் பூட்டி எடுத்துப் போகிறவர்கள் உண்டு.
ஆளில்லாத கணவாயில் பிரிப்பார்கள்,
அரை அங்குலம் நீளம் குறையும்.
நான் புதுசை இங்கேயே மாட்டி
ஓ.எம்.ஆரில் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பேன்.
கழற்றிய பழசைத் துடைத்துப் பேப்பரில் சுற்றினால்
அதுதான் ஸ்பேர்.
பொருந்துவேன் என்று ஏற்கெனவே காட்டியாயிற்று அது.

பியூலா லிஸ்டைப் படித்துக்கொண்டே வந்தாள்:
ஃபியூஸ், ஹெட்லைட் பல்பு, கட்டுக்கம்பி, எம்-சீல்,
டேங்க் ஒழுகினால் தேய்த்து அடைக்க ஒரு சலவை சோப்பு
(துணிக்கும் அதுவே, ஆளுக்கு இரண்டு செட்தானே).
பிறகு நிறுத்தினாள்.
'ஸ்பேர் சாவி?'

அது கொளத்தூரில் இருக்கிறது.
ஆறு வருடமாக ஒருவருடைய மேசை டிராயரில்,
அவர் தூக்கிப் போடாமல் இருந்தால்.
கேட்டால் தருவார்.
எங்கே, யாரோடு, எத்தனை நாள்,
மூன்றையும் கேட்டுக்கொண்டு தருவார்.

புரசைவாக்கத்தில் குடைக்குக் கீழே சாவி அறுக்கிறவர்
என்னுடையதை வெயிலில் பிடித்துப் பார்த்து
'ரொம்பத் தேஞ்சிருக்கே' என்றார்.
தேய்மானத்தையும் சேர்த்தே அறுத்தார்,
பித்தளைத் தூளை ஊதினார், நூற்றிருபது ரூபாய்.

விடியற்காலை மூன்றரை.
பழைய சாவி டப்பாவில், பெல்ட்டுக்குப் பக்கத்தில்.
புதுசைச் செருகினேன். திரும்பவில்லை.
மறுபடி.
பியூலா ஃபிளாஸ்க்கை மடியில் வைத்து
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான்காவது முறை இன்ஜின் பிடித்தது,
முதல் மாடியில் விளக்கு எரிந்தது,
யாரோ என் பெயரைச் சொல்லியே திட்டினார்கள்.