நாற்பத்தோராவது நிமிடம்

கேப் பிரெட்டன் தீவில் ஒரு பழைய நிலக்கரி ஊர்.
மார்ச் முடிகிறது, கடலில் இன்னும் பனிப்பாளங்கள்.

எஃபி மெக்காஸ்கிலுக்கு வயது எண்பத்தெட்டு.
எனக்கு அறுபத்தொன்று,
மாடிப்படியில் மூச்சு வாங்கியது எனக்குத்தான்.
நூலகம் கொடுத்த முப்பது கேள்விகள்
கைப்பையில் நாலாக மடித்துக் கிடந்தன.

"இளமைக்காலம் மகிழ்ச்சியாக இருந்ததா?"
"இருந்தது."
"வேலை கடினமா?"
"கடினம்தான்."
"சுரங்கம் வெடித்த இரவில் என்ன உணர்ந்தீர்கள்?"
"எல்லோரையும் போலத்தான்."
பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

வீட்டில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு
ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்தபோதுதான்
என் குரலை நான் கேட்டேன்.
என்ன அவசரம் இந்தப் பெண்பிள்ளைக்கு!
நாற்பத்தோராவது நிமிடத்தில் எஃபி
"ஆனால்..." என்கிறாள்.
கோப்பையில் கரண்டி மோதுகிறது.
மூன்று நொடி.
மூன்றே மூன்று நொடி.
பிறகு நான்: "சரி, திருமணத்துக்கு வருவோம்."

திருமணத்துக்கு வந்தோம்.
கேக் மூன்றடுக்கு என்று தெரிந்துகொண்டோம்.

வியாழக்கிழமை மறுபடி போனேன்,
தாளைக் காரிலேயே விட்டுவிட்டு.
"அன்றைக்கு 'ஆனால்' என்றீர்களே, அதற்கு அப்புறம்?"
"சொன்னேனா?"
ஜன்னலைப் பார்த்தாள். "போயிற்று."
நானும் பேசவில்லை.
பொறுமையெல்லாம் இல்லை,
குட்டு வெளிப்பட்டவளின் வாயடைப்பு.
ஃப்ரிட்ஜ் ஓடி நின்றது.

வேறெதுவும் தோன்றாமல் கேட்டேன்:
"டெலிபோன் நிலையத்தில் உங்கள் நாற்காலி எப்படி இருக்கும்?"

"சுழலும். ஆனால் இடப்பக்கம் மட்டும்தான்.
வலப்பக்கம் எட்ட எழுந்து நிற்க வேண்டும்.
சுரங்க அலுவலகத்துத் துளைகள் வலப்பக்கம்.
அன்றிரவு ஆறு மணிநேரம் நின்றேன்.
ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார்கள்,
'எஃபி, ஆபீசுக்குப் போடு' என்று.
குரல் வந்ததுமே எந்த வீடு, எந்த ஜன்னல் எனத் தெரியும்.
லைன் பிஸி என்றேன்.
பிஸி இல்லை.
மேனேஜர் பெயர்களை வாசித்தபோது
இணைப்பிலிருந்து நான் விலகவில்லை.
ஏழு பெயர்.
விடியட்டும், பாதிரியார் போய்ச் சொல்லட்டும்,
என் வாயால் வேண்டாம் என்று
பிஸி, பிஸி, பிஸி.
எல்லோரும் நம்பினார்கள்.
கிறிஸ்டி பீட்டன் மட்டும் கேட்டாள்:
'எஃபி, நீ ஏன் நின்றுகொண்டு பேசுகிறாய்?'"

கரண்டியை எடுத்தாள். கலக்கவில்லை.

என் நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்துவிட்டது.
பிஸ்கட்டைக் கடித்தேன்.