ஒரு கால்

பிப்ரவரி. ஈரி நகரத்து ஏரி கல்லாய்க் கிடக்கிறது.
வேனின் பின்கதவு இன்றும் உறைந்திருந்தது,
ஃபிளாஸ்க் காப்பியை ஊற்றித்தான் திறந்தேன்.
உள்ளே முப்பது பெட்டி சிப்ஸ்,
மேலே மொத்தக் கடை ஸ்டாஷெக்கின் பில்.
ஓராண்டில் மூன்றாம் முறையாகத் தடித்திருக்கிறது.

பதினான்கு எந்திரங்கள் எனக்கு.
ஒன்றேகால் டாலர் பாக்கெட் கையைக் கடிக்கிறதென்று
நவம்பரிலேயே தெரியும்.
டிசம்பரில் மனசு வரவில்லை, பண்டிகை.
ஜனவரியில் அந்தச் சாக்குகூட இல்லை,
சும்மா பயம்.

"கால் டாலர்தானே" என்றார் மைத்துனர் ஸிக்மண்ட்,
எனக்குக் கணக்கு எழுதுகிறவர்,
உட்கார்ந்தே வேலை செய்கிறவர்.
நடக்கிறவர்களைக் கேட்க வேண்டும்
கால் என்றால் என்னவென்று.

விலையேற்றம் என்ற சொல்லில்
ஏணி இருக்கிறது, கொடிமரம் இருக்கிறது.
நான் செய்ததோ
சாவி போட்டுக் கதவைத் திறந்து
ஈரத் தரையில் குந்தி
உள்பக்கத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தியது.
A1. ஒன்றரை.
A2. ஒன்றரை.
முழங்கால் சத்தம் போட்டது.
பழைய விலைச் சீட்டுகளை நகத்தால் சுரண்டிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்,
தடயத்தை மறைப்பவள் மாதிரி.

டயர் கடையில் மறுநாளே கண்ணாடியில் ஒரு தாள்:
'கொள்ளைக்காரி',
அதிலும் ஓர் எழுத்தை விழுங்கி.
அங்கே விற்பனை பாதியாய் விழுந்தது.
சாலையைக் கடந்தால் பெட்ரோல் பங்க் இருக்கிறது,
அவர்களுக்குக் கால்கள் இருக்கின்றன.

சலவைக்கூடத்தில் C4-ஐ மாற்ற மறந்துவிட்டேன்.
யாருக்கும் பிடிக்காத கடலை பிஸ்கட்,
வருஷம் பூராவும் தூசி தின்றது,
ஒரே வாரத்தில் காலி.
மற்றதெல்லாம் அப்படியே தொங்க
அந்தச் சுருள்கம்பி மட்டும் வெறுமையாய்ச் சுற்றி நின்றது.
மனிதர்களின் நாக்கு
இவ்வளவு சீக்கிரம் மாறும் என்று நினைக்கவில்லை.

மருத்துவமனை மூன்றாம் மாடி, டயாலிசிஸ் பிரிவு.
அங்கே ஒரு முணுமுணுப்பும் இல்லை.
விற்பனையில் ஒரு பாக்கெட் குறையவில்லை.
ஸிக்மண்ட் பென்சிலால் அந்த வரியில் வட்டம் போட்டார்:
"நல்ல இடம்."
நல்ல இடம்தான்.
நான்கு மணி நேரம்
அந்த எந்திரத்தில் கட்டுண்டு கிடந்துவிட்டு
என் எந்திரத்துக்கு வருகிறார்கள்.
எழுந்து வேறெங்கே போவார்கள்?

கடைசி வரிசையில் எலுமிச்சை மிட்டாய்,
நர்ஸ் டெல்ஃபின் கேட்டு வைத்தது.
தண்ணீர் அளந்துதான் குடிக்கலாமாம்;
மிட்டாய் ஊறினால் தாகம் கொஞ்சம் தள்ளி நிற்குமாம்.
செவ்வாய்க்கிழமை வோய்னார் வந்தார்,
கையில் கட்டு, மறுகையில் மாத்திரைக் குப்பி.
மூடியைப் பல்லால் திருகிக் கவிழ்த்தார்.
கால் டாலர் நாணயங்கள், எண்ணி ஆறு.
போன மாதம் வரை அதில் ஐந்துதான் இருக்கும்.
யாரையும் எதையும் கேட்காமல்
வீட்டிலேயே ஆறாவதைப் போட்டு
மூடிக்கொண்டு வந்திருக்கிறார்.

அன்று மாலை மிட்டாயை மட்டும் பழைய விலைக்கு இறக்கினேன்.
நல்லவள் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்:
டயர் கடையில் சோடாவுக்கு இன்னொரு கால் ஏற்றி
ஈடுகட்டிவிட்டேன்.
அந்தத் தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது.
டேப் பிரிந்த மூலையை நானே அழுத்தி ஒட்டினேன்.

அடுத்த செவ்வாய்
பக்கத்து எந்திரத்தில் சோடா அடுக்கிக்கொண்டிருந்தேன்.
வோய்னார் ஆறையும் போட்டார்.
மிட்டாய் விழுந்தது.
பின்னாலேயே கிண்ணத்தில் ஒரு நாணயம், டங்கென்று.
எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.
செல்லாக் காசு என்று நினைத்தாரோ,
கால்சட்டையில் தேய்த்துத்
துளையில் மறுபடி போட்டார்.
இந்த முறை உள்ளே தங்கியது.
திருப்தியாய்த் தலையசைத்துவிட்டு
மிட்டாய் உறையைப் பிரித்தபடி நடந்தார்.

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.
யாரோ அடுத்து வரப்போகிறவருக்காக
சின்னத் திரையில் பச்சையாய்
0.25
நின்று எரிந்துகொண்டிருந்தது.