வரிசையில் நிற்காதது

சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான்
பம்போட் கிளம்பும்.
நாங்கள் ஐவர். சைக்கிள்களோடு ஒரு சீனத் தம்பதி.
மீதி ஐவருக்காகக் காத்திருந்தோம்,
இருவாச்சி பார்க்க, நீர்நாய் பார்க்க,
ராசி இருந்தால் கூகை பார்க்க.
பட்டியல் ஹஸ்லிண்டாவுடையது.
லேமினேட்கூடச் செய்திருந்தாள்.

வேலையைச் சொல்லாவிட்டால் இந்தக் கவிதை நகராது:
உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி, பதினோராவது வருஷம்.
விடிகாலை நாலரைக்கே பாலம் முழுக்க
மோட்டார் சைக்கிள் புகை.
ஹெல்மெட்டைக் கழற்றுங்க,
கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் அழுத்துங்க,
நாலு மொழியில் சொல்வேன்.
தூக்கத்திலும் சொல்வதாக வீட்டில் புகார்.

உபினில் இறங்கிய பத்தாவது நிமிஷம் இருவாச்சி.
கோப்பிக்கடைக் கூரையில்,
அலகில் யாருடைய ரம்புத்தானோ.
தேடாமல் கிடைத்ததற்கு டிக் போடலாமா என்று
சின்னதாக ஒரு வாக்குவாதம்.

செக் ஜாவாவில் கடல் வற்றியிருந்தது.
பலகைப் பாதைக்குக் கீழே
சேறு தனக்குள் ஏதோ மென்றுகொண்டிருந்தது.
ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி
யாரையோ கூப்பிட்டன நண்டுகள்.
யாரும் போகவில்லை.
மீனா பல்லியா என்று இன்னும் முடிவெடுக்காத சேற்றுத்தவ்வி
வேர்மேல் எம்பி ஏறி
எங்களைப் பார்த்துவிட்டுக்
கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஒரு மரத்தின் பலகையைப் படித்தான் பரிமேலழகன்:
பால் பட்டால் கண் போகும்.
தில்லை, என்றேன்.
சிதம்பரத்துத் தில்லையா?
அதேதான்.
செருப்பைக் கழற்றலாமா என்று
ஒரு கணம் யோசித்தான், பாவம்.

மாமாம் கரையில் கூடாரம்.
இருட்டுவதற்குள் காட்டுப்பன்றி, நான்கு குட்டிகளோடு.
ரொட்டிப் பை, காயா ஜாடி, பட்டியல்,
மூன்றையும் கௌவிக்கொண்டு போயிற்று.
பட்டியலை மெல்லக் கொஞ்சம் நேரமாகியிருக்கும்.

அப்புறம் மூணேகால் மணி.
பரிமேலழகனின் குறட்டைக்குத் தப்பி
வெளியே வந்து உட்கார்ந்தேன்.
எதிரே ஜொகூர், ஆரஞ்சு விளக்குகளாக.
நடுவில் ஏதோ கெலோங்கில் நாய் குரைத்து ஓய்ந்தது.
வானத்தில் சாங்கிக்கு இறங்கும் விமானம்,
அடுத்தது, அதற்கடுத்தது.
அங்கேயும் வரிசை.

தண்ணீரில் ஒரு கோடு.
காற்றில்லை. படகில்லை.
கோட்டின் முனையில் ஒரு தலை,
மூக்கு மட்டும் சற்று மேலே.
இரண்டு தேசத்துக்கும் நடுவில்
யாருக்கும் நேரமாகாததுபோல் வந்துகொண்டிருந்தது.
பன்றியோ, தாப்பிரோ,
எனக்குப் பெயர் தெரியாத வேறெதுவோ.

டார்ச் கையில் இருந்தது.
கட்டைவிரல் பொத்தான்மேல்.

அழுத்தவில்லை.

கரையேறி உடம்பை உதறியது.
நனைந்த சாக்கை யாரோ உதறுகிற சத்தம்.
பிறகு கண்டல் வேர்களுக்குள்
ஒரு குச்சி ஒடிந்தது,
கொஞ்சம் தள்ளி இன்னொன்று.
என் கால் மரத்துப்போயிருந்தது. அசையவில்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன்.
ஈர மணலில் தடம்: மூன்று விரல்,
சில இடத்தில் நான்கு.
எண்ணி முடிப்பதற்குள்
ஏறுகிற தண்ணீர் பாதியை எடுத்துக்கொண்டது.
போன் பையிலேயே இருந்தது.

ஹஸ்லிண்டா கூடாரத்திலிருந்து தலையை நீட்டினாள்:
ராத்திரி ஏதாவது பார்த்தியா?
கொசு, என்றேன்.

திங்கட்கிழமை, ஏழாம் முகப்பு.
ஒருவருக்கு ரேகை விழவே இல்லை.
சிமெண்ட் தின்ற விரல்.
சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்தார்.
இயந்திரம் சிவப்பு, மறுபடி சிவப்பு.
பின்னால் ஐம்பது வண்டிகள் உறுமின.

மெதுவா வைங்க, என்றேன்.
ஒண்ணும் அவசரமில்லை.