மூன்று சுழி

தணிக்கை, முதலில் கணக்கர்களின் சொல்.
சங்கக் கடையில் சீனி குறைந்தால் வருவார்கள்,
ஏட்டைப் புரட்டி பச்சை மையால் கீறுவார்கள்.
அது எப்போது சீனியை விட்டுச் செய்திக்கு வந்ததென்று
அகராதி சொல்லவில்லை.
வேர்: தணி.
காய்ச்சல் தணியும், உலை தணியும்,
கேட்க ஆளிருந்தால் கோபமும்.

ஆமர் வீதியில் முழங்காலளவு வெள்ளம் நின்ற இரவு.
ஒப்புநோக்க நான் ஒருத்தி, அச்சுக்கோக்க மரியசீலன்.
தாள்கள் ஆட்டோவில் போய்
நனைந்து திரும்பின.
மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தியே இல்லை.
வெற்றிடம் விடக்கூடாதென்று புது உத்தரவு:
வெள்ளையையும் வாசிக்கிறார்களாம் சனங்கள்.
பற்பொடி விளம்பரம் வைத்து அடைத்தோம்.

"இதை எதிர்க்கிறவனுக்கு ஒரு சொல் வேணும்"
மாலுபாணைப் பிய்த்தபடி சீலன்.
தணிக்கை எதிர்ப்பாளர்? தலைப்பில் அடங்காது,
முதல் பாதியிலேயே பிடிபடும்.
தணியாதவர்? சாமியார் பெயர்போல.
தணியார், என்றேன்.
அடங்கார், அஞ்சார் என்பதுபோல;
இல்லை என்பது உள்ளேயே ஒளிந்திருக்கும்.
"தனியார் பஸ்ஸோ?" என்று சிரித்தான்.

அதேதான்.
டண்ணகரத்துக்கும் றன்னகரத்துக்கும் நடுவே
ஒரு சுழி அகலத்தில் ஓர் ஒழுங்கை கிடந்தது.
மறுநாள் நான்காம் பக்கம், அடிமூலை:
தணியார் சேவை வழமைபோல் நடைபெறும்.
அடுத்த கிழமை:
தணியார் நால்வர் இன்னும் வீடு திரும்பவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதினார்,
உங்கள் பத்திரிகையில் பிழை மலிந்துவிட்டது, வெட்கம்.
முதலாளி என் சம்பளத்தில் ஐம்பது ரூபாய் வெட்டினார்.
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தபாலட்டை,
மழை பற்றி இரண்டு வரி,
கீழே: இப்படிக்கு, ஒரு தணியார்.
மூன்று சுழியும் தெளிவாக.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை,
தூக்கக் கலக்கத்தில் நானே இரண்டு சுழியில் விட்டுவிட்டேன்.
கந்தோரிலிருந்து தாள் திரும்பியது.
பத்திக்குப் பத்தி சிவப்பு.
ஆசிரியர் தலையங்கம் முழுவதும் சிவப்பு.
அந்தச் சொல்லில் மட்டும் கீறல் இல்லை;
அதே சிவப்பு மையில், கை நடுங்காமல்,
ஒரு சுழி கூட்டியிருந்தது.

சீலன் தாளை விளக்கடியில் பிடித்தான்.
யார் என்று நான் கேட்கவில்லை, அவனும்.
திருத்தியபடியே கோத்தோம்.
வெளியே, மருதானை மருதானை என்று கூவிக்கொண்டு
கடைசித் தனியார் பஸ்
வெள்ளத்தைப் பிளந்து போனது.