கோடிட்ட இடம்

கப்பல் அலுவலகத்தின் பழைய பக்கம்
உர்வே செய்தது. நிரல் தெரியாது அவளுக்கு.
தேர்வுத்தாள் மாதிரி ஒன்றை எழுதி
நடுநடுவே கோடு போட்டு வைத்தாள்.
கப்பலின் பெயர் _____
புறப்படும் நேரம் _____
கட்டணம் _____
கோடிட்ட இடங்களை நிரப்புக:
கணினிக்கு அவள் இட்ட வேலை அவ்வளவே.
பதினோரு வருடம் அது சளைக்காமல் நிரப்பியது.

பிறகொரு ஜனவரியில் கடல் உறைந்தது.
ஹீயுமா தீவுக்கும் கரைக்கும் நடுவே
இருபத்தாறு கிலோமீட்டர் பனிச்சாலை.
கப்பல் இல்லை. ஆனாலும் கோடு இருந்தது.
நள்ளிரவு 00:00 மணிக்கு
பெயரில்லாத கப்பலொன்று புறப்படும் என்றது பக்கம்,
கட்டணம் 0.
கடைக்கார வில்லெம் போன் செய்து
இரண்டு டிக்கெட் கேட்டார்,
ஜன்னலோரமாக.

அதற்காகத்தான் என்னை வரவழைத்தார்கள்.
நான் தாளையே தூக்கி எறிந்தேன்.
தலைப்பு ஒரு செயல், பத்தி ஒரு செயல்,
ஒவ்வொன்றும் தான் திறந்ததைத் தானே மூடும்.
கடல் உறைந்ததா என்று முதலில் கேட்கும்.
உறைந்திருந்தால்
கப்பல் என்ற சொல்லே அங்கே பிறக்காது.
பிறப்பது இது:
சீட் பெல்ட் போடாதீர்கள்.
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே ஓட்டாதீர்கள்,
அந்த வேகத்தில் பனிக்கடியில் அலை எழும்பி
உங்களோடேயே ஓடி வரும்.

உர்வே என் கோப்பைத் திறந்து பார்த்தாள்.
"இதில் பக்கம் எங்கே?"
ஓட்டினால் வரும் என்றேன்.
"ஓட்டாதபோது?"
அப்போது இல்லை என்றேன்.
அடைப்புக்குறிகளைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள்,
ஊருக்குள் நுழைந்த ஒருத்தி
எல்லா வீடும் உட்பக்கம் தாழிட்டிருப்பதைப் பார்ப்பதுபோல.

என் ஏட்டுச் சுரைக்காய்
கறிக்கு உதவத்தான் செய்தது,
பிப்ரவரி பத்தொன்பது வரைக்கும்.

அன்று காலை சாலை திறந்து பத்தே நிமிடம்.
பதினாலாம் கிலோமீட்டரில் விரிசல்.
என் நிரலுக்குத் தெரிந்தவை இரண்டு:
திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது.
திறந்திருந்தபோது கிளம்பிப் பாதி வழியில் இருப்பவனிடம்
என்ன சொல்வதென்று
அதை எழுதிய எனக்கே தோன்றியதில்லை.
நான் அக்கரையில் தூங்கிக்கொண்டிருந்தேன்,
போன் கோட்டுப் பையில்.

ஒரு வாக்கியம் சேர்க்க
அவள் என் கோப்புக்குள் இறங்கினாள்.
எங்கோ ஒரு மேற்கோள்குறி
ஒரு அடைப்புக்குறியை விழுங்கியது.
பக்கம் வெளுத்தது. முழுசாக.
ஜன்னலுக்கு வெளியே இருந்ததும்
திரையில் இருந்ததும் ஒன்றே.

அப்புறம் அவள் செய்ததை
பதிவேட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.
பழைய தாளைத் தேடி எடுத்து
கையால் நிரப்பியிருந்தாள்.
கப்பலின் பெயர்: எதுவும் வேண்டாம்
புறப்படும் நேரம்: புறப்படாதீர்கள்
கட்டணம்: பதினாலில் விரிசல், வந்த வழியே திரும்புங்கள்
இருந்ததிலேயே நீளமான கோடு
கட்டணத்துக்குத்தான்.

ரொட்டி வண்டி தாவெத் ஒன்பதாவதில் இருந்தார்.
பக்கத்திலிருந்த பையன் போனில் படித்தான்,
முதலில் சிரித்தானாம்.
திரும்ப வேண்டுமே, வேகம் குறைக்க வேண்டுமே.
ஐம்பதிலிருந்து இருபதுக்கு வர
அந்த நடுவைக் கடந்துதான் ஆகவேண்டும்.
"கேட்டேன்," என்றார் தாவெத், "கீழே அது
எங்களோடு வந்தது. கொஞ்ச தூரம்தான்."
மேற்கொண்டு சொல்லவில்லை.
ரொட்டி மாலையில்
ஹெலிகாப்டரில் வந்தது, நசுங்கி.

பக்கம் இன்னும் என் நிரல்தான்.
வில்லெமுக்கு இனி பேய்க்கப்பல் கிடையாது,
அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.
ஆனால் வேகவரம்புக்கு மேலே
ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
அதில் என்ன வரும் என்று நிரல் கேட்பதில்லை,
சரிபார்ப்பதில்லை,
வந்ததை வந்தபடி காட்டும்.

நேற்று அங்கே கொட்டை எழுத்தில்:
துறைமுகக் கேண்டீனில் பட்டாணி சூப் தீர்ந்துவிட்டது.

அழிக்கப் போன கையை
எடுத்துக்கொண்டேன்.
கரையில் வரிசையாக முப்பது கார்.
அவர்களுக்குத் தெரிய வேண்டியதுதானே.