நாற்பத்தேழாவது அடியாள்

பர்னபியில், ஸ்கைட்ரெய்ன் தண்டவாளத்தை ஒட்டி
மூன்றாம் மாடியில்
உலகத்தை வாரம் ஒருமுறை அழிக்கிறோம்.
வெள்ளிக்கிழமைக்குள் அழித்தாக வேண்டும்.
சனிக்கிழமை என்றால் ஓவர்டைம்,
அதற்கு அனுமதி இல்லை.

எங்கள் தொடரில் வில்லன்தான் நாயகன்.
பெயர் டாக்டர் பேரிடர்.
நல்லவர்கள் வருவார்கள்,
இடுப்பில் கைவைத்து நிற்பார்கள்,
தலையில் பியானோ விழும்.

காபி மெஷினுக்கு மேலே
விதிகளை ஒட்டியிருக்கிறார்கள்:
கொல்லும் முன் திட்டத்தை விளக்கு.
விளக்கும்போது முதுகைக் காட்டு.
எல்லாம் வெடிக்கும் சிவப்புப் பொத்தானை
முழங்கை படும் இடத்தில் வை.
கீழே யாரோ பென்சிலில்:
பாலைத் தீர்த்தவர் வாங்கி வை.

நான் வரைவது அடியாட்களை.
எல்லோருக்கும் முகமூடி.
பயமுறுத்தத்தான் என்று நினைத்திருந்தேன்.
சேர்ந்த அன்றே ஜோஸ்லின் சொன்னாள்,
"வாய் வரைய வேண்டாம் பார், அதற்கு."
ஒரு வாய்க்கு ஒன்பது வடிவம்.
ஆ, ஈ, ஊ,
உதடு ஒட்டும் ம,
மேற்பல் கீழுதட்டைக் கடிக்கிற
நம்மிடம் இல்லாத ஓர் எழுத்து.
ஒன்பதுக்கும் காசு.
முகமூடிக்குள் எவன் என்ன பேசினாலும் இலவசம்.

ஒருமுறை பத்துத் தலையோடு
ஒருத்தியை வரைந்து கொடுத்தேன்.
எங்கள் பக்கம் இது பழக்கம்தான் என்றேன்.
ஜோஸ்லின் ரசித்தாள், பிறகு பெருக்கினாள்.
ஒன்பது தலையை வெட்டச் சொல்லி மெயில் வந்தது.
வெட்டினேன்.
எந்தக் கடவுளும் இறங்கி வந்து
என்ன வரம் வேண்டும் என்று கேட்கவில்லை.

வாரா வாரம் நிலா வெடிக்கும்.
அடுத்த வாரம் அதே இடத்தில் அதே நிலா.
கோப்பின் பெயர்: நிலா, கடைசி, உண்மையாகவே கடைசி, இரண்டு.
செத்தவன் எழுந்து வந்து
வாடகை பாக்கியைப் பற்றிப் புலம்புவான்.
அதற்குத்தான் சிரிப்பு வரும்.
எனக்கும் முதல் இரண்டு வருடம் வந்தது.

மார்ச்சில் ஒரு செவ்வாய்,
பதினொரு பேரின் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.
ஹே-ஜின் அட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டு
இன்னொரு முறை காட்டினாள்.
மழை ஈரம் என்று நினைத்தாள்.

மெயிலில் இரண்டு வரி.
யாரும் சுழல்நாற்காலியில்
மெல்லத் திரும்பவில்லை.
மடியில் பூனை இல்லை.
திட்டம் என்ன, ஏன் இந்தப் பதினொரு பேர்,
ஒரு விளக்கம் கிடையாது.
விளக்கியிருந்தால்
அந்த நாற்பது விநாடியில்
நாங்கள் கட்டை அவிழ்த்திருப்போமே.

வெள்ளிக்கிழமை நிலா வெடித்தது.
திங்கட்கிழமை நிலா வந்தது.
ஹே-ஜின் மேசையில் பிரிண்டரை வைத்தார்கள்.

எபிசோட் முப்பத்தொன்று, காட்சி பதினெட்டு.
டாக்டர் பேரிடர் உரையாற்றுகிறார்.
பின்னால் அறுபது அடியாட்கள்.
இரண்டாம் வரிசை, ஓரத்திலிருந்து நாலாவது ஆள்,
கோப்பில் நாற்பத்தேழு.
அவன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டேன்,
வியர்க்கிறது போல.

ராத்திரி ஒன்றரை மணிக்குக்
கழிவறைக் கண்ணாடி முன் நின்று
நாக்கை மடித்து மடித்துப் பார்த்தேன்.
அந்த ஒன்பதில் ழ கிடையாது.
பத்தாவதாக ஒரு வாய் வரைந்தேன்,
என் செலவில்.

முதலாளி உலகத்தை மிரட்டிக்கொண்டிருக்கையில்
நாற்பத்தேழு பக்கத்து ஆளிடம் திரும்பி
ஒலியில்லாமல் சொல்கிறான்:
மழை. குடை இருக்கிறதா?

பார்வையிடும் நாளில் ஜோஸ்லின் அங்கே நிறுத்தினாள்.
பின்னால் ஓட்டினாள், முன்னால் ஓட்டினாள்.
"என்ன சொல்கிறான்?"
"சூயிங்கம்" என்றேன்.
"மெல்லட்டும்" என்று
கட்டத்தில் பச்சை அடித்தாள்.

அடுத்த எபிசோடில் முகமூடி
பழையபடி இறங்கியிருந்தது. அதுவும் விதி.
கடைசி வரிசையில்,
வெடிப்புப் புகைக்கு நடுவே,
யார் வரைந்ததோ தெரியவில்லை,
நாற்பத்தெட்டின் கையில்
ஒரு குடை.